முதல் வரிசையில் ஓர் இருக்கை

அன்புள்ள அம்மாவுக்கு யாமினியின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். ரயிலுக்குக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன்.

விவாகரத்துக்குப் பிறகு வந்த என் முதல் பிறந்தநாள். மன்ஹாட்டனில் ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு டிக்கெட் எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கண்மணி ஆன்ட்டி விடவில்லை.

"தனியாவா? அவ்ளோ காஸ்ட்லியா? எங்களோட தமிழ் சினிமா ஸ்டார் நைட்டுக்கு வா, டின்னரும் உண்டு."

"டின்னர் வேணாம் ஆன்ட்டி, எனக்கு நாடகம்தான் பாக்கணும்."

சின்ன அரங்கம், முதல் வரிசை. நடிகையின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். "மெதுவா சிரி" என்று அதட்டக் கணவர் என்று யாரும் இப்போது பக்கத்தில் இல்லை. கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது. அடுத்த மாதமும் போவேன்.

பருப்புப்பொடி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த நாடகத்தின் கதையை என்னிடம் கேளுங்கள் அம்மா. இங்கே யாரும் கேட்கவில்லை.

ரயில் வந்துவிட்டது.

உங்கள் யாமினி