கு.ப. என்று குறித்த ஐந்து காலைகள்

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனைதான் முதலில் வந்தது, அக்கா. அதன் பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில், பச்சை பிளாஸ்டிக் பெட்டிக்குள், நீங்கள் தந்த ஹார்ட் டிஸ்க் அப்படியே இருந்தது. "அந்தப் புள்ள குடுத்ததுன்னு நான் தொடவே இல்ல" என்றார் அம்மா, ஏதோ நகைப்பெட்டியைக் காவல் காத்தவர் மாதிரி. அதைத் தேடி கெலிஓயாவிலிருந்து உங்கள் ரிஸ்னா வந்திருந்தார். உங்களோடு ஒரே ஆய்வுகூடத்தில் இருந்தவர். நீங்கள் போனபின், ஆய்வுக்காக நீங்கள் பதிவு செய்த குருவிக் குரல்களை ஒழுங்குபடுத்தி, பல்கலைக்கழகத்துத் தரவுக் களஞ்சியத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் லப்டொப் திறக்கவில்லையாம், கம்பஸில் இருந்த பிரதியில் உங்கள் கடைசி மாதங்கள் இல்லையாம். எங்கள் அலுமாரியில் இருந்தன.

லீவுக்கு ஊருக்குப் போகுமுன் அதைக் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? "மூண்டு இடத்திலை வைக்க வேணும். லப்டொப்பிலை ஒண்டு, கம்பஸிலை ஒண்டு, வேறை ஒரு வீட்டிலை ஒண்டு" என்றீர்கள்.

"நீங்க எங்க மாடியிலதானே போர்டிங் இருக்கீங்க? இது எப்படிக்கா வேற வீடு?"

"படி வேறை, பூட்டு வேறை. அப்ப வீடும் வேறைதான். வாயாடாமல் கொண்டுபோய் அம்மாட்டைக் குடு."

அப்போதுதான் நான் கேட்டேன், "பேருதான் தரவு. ஒருத்தருக்கும் தராம இப்படிப் பூட்டி வெச்சா அது என்னாக்கா தரவு?" என்று. நீங்கள் சிரிக்கவில்லை. "தருவன். ஒவ்வொண்டும் என்ன ஏது எண்டு ஒழுங்கா எழுதிப்போட்டு எல்லாருக்கும் தருவன்" என்றீர்கள். நல்ல ஜோக்கை வீணடித்துவிட்டீர்களே என்று எனக்கு அன்று முழுவதும் கடுப்பு.

உங்கள் காலைகளை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எங்கள் மஹய்யாவப் பகுதி முழுவதும் பனிக்குள் கிடக்கும். கூரைத் தகரங்கள் மட்டும் அங்கங்கே தோணிகளைப் போல மிதக்கும். யாரோ வாளியை இழுக்கும் சத்தம், முதல் பஸ்ஸின் ஹோர்ன், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி வரும். நீங்கள் மாடிப்படியில் இறங்கி, பின்பக்கப் பலா மரத்தடிக்குப் போவீர்கள். கையில் ஒலிப்பதிவுக் கருவி. அதன் மைக்குக்குக் காற்று படாமலிருக்க ஒரு கால் சொக்ஸ். மற்றக் கால் சொக்ஸ் எங்கே என்று கேட்டதற்கு, "காலுக்குள்ளை" என்று சொன்ன ஆள் நீங்கள்.

பிறகு அந்தக் குரல். "மஹய்யாவ. பின்வளவுப் பலா மரம். மழை இல்லை, பனி." திகதியும் நேரமும் சொல்வீர்கள். அதன்பின் பத்து நிமிடம் சிலை.

சிலையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து ஊதினேன். செண்பகப் பறவைக்கும் பிரஷர் குக்கருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு சத்தம். நீங்கள் தலையை மெதுவாக உயர்த்தி மரத்தைப் பார்த்தீர்கள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்றைக்கு எங்கள் மேசையில் பாணும் சம்பலும் ஆறிக் கிடக்க, அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள்.

"பிடிபடேல்லை. உனக்குத் தெரியுமே, இது என்ன குருவியெண்டு?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் பாண் துண்டு பொறுக்கிற காக்காவத்தான் பாத்திருக்கேன்."

"புதுசா இருக்குமோ?" என்று அம்மா வேறு வாயைப் பிளந்தார்.

மூன்று நாள் தடித்த புத்தகங்களைப் புரட்டினீர்கள். நான் இன்னும் மூன்று காலை ஊதினேன். நான்காவது தடவைக்குப் பிறகுதான் அந்தக் குண்டைப் போட்டீர்கள்: "வெளிநாட்டிலை ஒரு பெரிய ஆளுக்கு இதை அனுப்பிக் கேக்கப் போறன்."

அந்தப் பெரிய ஆள் இது குருவியில்லை, குமரி என்று கண்டுபிடித்தால், உங்கள் மூன்று வருட உழைப்பை யார் நம்புவார்கள்? அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊதுவதை மட்டும் நிறுத்தினேன். நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பிறகு லீவுக்கு ஊருக்குப் போனீர்கள். டெங்கு என்றார்கள். அடுத்த தடவை போன் வந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

ரிஸ்னா அக்கா எங்கள் மேசையிலேயே தன் லப்டொப்பில் அந்த டிஸ்க்கைத் திறந்தார். நீங்கள் கட்டிய அட்டவணை: இடம், திகதி, நேரம், கேட்ட பறவைகள். கடைசியில் குறிப்பு.

"இஞ்ச பாருங்க, தங்கச்சி. அஞ்சி எடத்துல 'கு.ப.'ண்டு போட்டு ஈக்கி. எந்தப் பறவைட பேருக்கும் பொருந்துதில்ல. அர்த்தம் தெரியாத குறி வந்தா அந்தக் காலைகள எடுத்துப் போட்டுட்டு மத்ததக் குடுக்கச் சொல்லி எங்கட சேர் சொல்லீட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

நான் திகதிகளைப் பார்த்தேன். கு.ப. யார் என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்திலேயே என்னை 'குழப்படி' என்று கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். இந்தப் பக்கத்தில் 'வாலு' என்பார்கள். உங்கள் ஊரில் அதற்குப் பெயர் குழப்படி. அதைத்தான் கு.ப. என்று சுருக்கியிருக்கிறீர்கள்.

முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாணை ஆறவிட்டது, புத்தகம் புரட்டியது, எல்லாம் என் முகத்தைப் பார்ப்பதற்காக.

"அக்கா, அந்த வெளிநாட்டுப் பெரிய ஆள்..." என்று இழுத்தேன்.

"எந்த ஆள்? அவ ஒருத்தருக்கும் ஒண்டும் அனுப்பல்லயே."

அட, கள்ளி அக்கா!

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். உங்கள் ஐந்து காலைகள் போகும். அவற்றில் நிஜச் செண்பகமும், மழைக்கு முந்திய தவளைகளும், உங்கள் "மழை இல்லை, பனி"யும் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். குவித்த கையையும் காட்டினேன்.

"அடிப்பாவி! நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் புதுக் குருவின்னு சொல்லிட்டு வந்தேனேடி!" என்று அம்மா கரண்டியை எடுத்தார். ரிஸ்னா அக்கா சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அஞ்சும் நீங்கதானா?"

"நாலுதான்கா."

ஐந்தாவதைப் போட்டுக் கேட்டோம். உங்கள் குரல், இடம், திகதி. நீங்கள் ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம். இரண்டு நிமிடம் இலையில் நீர் சொட்டும் சத்தம். பிறகு கருவிக்கு மிகப் பக்கத்தில், என் பறவை. படு மோசமாக ஊதியிருந்தீர்கள், அக்கா. பாதியில் காற்றுப் போய் இருமலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உங்கள் மூச்சு மட்டும், நிற்கிற ஒருவரின் மூச்சு, பதிவு முடியும் வரைக்கும். குறிப்பில் மட்டும் ஒரு வார்த்தை கூடுதல்: "கு.ப. வரவில்லை."

அன்று அது எனக்குக் கேட்டது. விழித்துத்தான் கிடந்தேன். கள்ளனைப் பிடிக்கப் பழைய பதிவைப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று நினைத்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

விளக்கத்தை என்னையே எழுதச் சொன்னார் ரிஸ்னா அக்கா. பெயரும் போட வேண்டும். உலகம் முழுவதும் பார்க்கும் என்று எச்சரித்தார். நான்குக்கும் ஒரே வரி: "மனிதக் குரல். தண்ணீர் டாங்கிக்குப் பின்னாலிருந்து நான் எழுப்பியது. மற்ற ஒலிகள் உண்மையானவை." ஐந்தாவதற்கு நிறைய நேரம் எடுத்தது. "ஆய்வாளரின் குரல். என்னைக் கூப்பிட்டார். கேட்டது, நான் போகவில்லை."

ரிஸ்னா அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். "கடைசி வரி தேவையில்ல, தங்கச்சி."

"உண்மைதானே அக்கா?"

அவர் அதை அப்படியே சேமித்தார். வெள்ளிக்கிழமை ஐந்து காலையும் போய்ச் சேர்ந்தன. இனி எங்கேயோ இருக்கும் யாரோ உங்கள் பனியைத் திறந்து கேட்பார்கள். எடுப்பவர்கள் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தப்புத் தப்பாக உச்சரிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முந்தாநாள் தம்பியின் தேநீரில் உப்புப் போட்டேன். அவன் துப்பி முடிப்பதற்குள் "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான், சொல்லாமல் வைத்திருக்க முடிவதில்லை.

இன்று விடியும்போது பலா மரத்தடிக்குப் போனேன். நல்ல பனி. கையைக் குவித்து ஒரே ஒரு தடவை ஊதினேன். பிறகு நீங்கள் நின்ற அளவுக்கு நானும் நின்றேன்.