இடப்பக்கக் கதவு

ஜூலை 14, திங்கள்

நேற்று, என் கணவர் அஸாம் இறந்த நாற்பதாம் நாள், கத்தம் ஓதினோம். சாப்பாடு பரிமாறியது எங்களுடைய சஹன் தட்டுகளில்தான், பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டுகள். ஊர்க் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகிற அதே தட்டுகள். கழுவி அடுக்கும்போது ஒன்று நெளிந்திருந்தது. வழக்கமாக இருந்தால் யார் நெளித்தது என்று கேட்டிருப்பேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அஸாமின் அண்ணன் மர்சூக் மச்சான் பேச்சை எடுத்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம். இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. மச்சானும் அதில் சேர்த்தி.

"வீடு ஸுஹைனாட. அதுல ஒரு கதையும் இல்ல. பிக்கப் எங்கட வாப்பாட. எழுபத்தொம்பதுல கொழும்புக்குப் போய்ப் புத்தம் புதுசா எடுத்தது. தம்பி ஓடித் திரிஞ்சான், அவ்வளவுதான்."

இங்கே ஏறாவூரில் வீடு பெண்ணுக்கு. அதை யாரும் கேட்க முடியாது. ஆனால் பிக்கப்பின் பதிவுப் புத்தகம் இன்னும் அவர்களுடைய வாப்பா, என் மாமாவின் பெயரில் கிடக்கிறது. நான் திரைக்குள்ளிருந்து சொன்னேன்: "மச்சான், மாமாட சாமான் அதுல என்ன மிச்சம் இரிக்கி? எல்லாம் இவர் மாத்தினதுதானே."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். "அப்பிடியா? சரி. எழுபத்தொம்பதாம் ஆண்டுச் சாமான் என்னென்ன இரிக்கோ அது எங்கட. மத்ததெல்லாம் ஒங்கட. இத்தா முடிய வந்து கழட்டி எடுக்கிறன்."

கூடம் நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிக்கப் போனால் வாடகைக்கு விடும் சமையல் கிடாரங்களை என் தலையிலா வைத்துக் கொண்டுபோவேன்?

ஜூலை 19, சனி

வண்டி வீட்டு வளவுக்குள் வேம்புக்குக் கீழ் நிற்கிறது. இருபது வருஷம் அதில் ஏறி இறங்கியிருக்கிறேன். இன்றுதான் சுற்றிவந்து பார்த்தேன். முன் பம்பர் வேறொரு வண்டியுடையது என்று எனக்கே தெரிகிறது. இரண்டு கதவின் கைப்பிடியும் இரண்டு விதம். பின் தட்டியில் இருக்கும் எழுத்து முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டவில்லை. இது டட்சன் என்று நாங்கள் சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவளுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

இர்ஷானா போனில் தேடிக் கண்டுபிடித்தாள். "உம்மா, கண்ணாடி மூலையில முத்திர இரிக்கும், அதுல வருஷம் இரிக்காம்." இரண்டு பேருமாக ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். வலப்பக்கக் கதவில் 6. இடப்பக்கக் கதவில் 4. வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும்தான் அடிப்பார்களாம். அப்படியானால் எழுபத்து நான்கா, எண்பத்து நான்கா? முழுதாக அடித்திருந்தால் அந்தக் கண்ணாடிக்காரனுக்கு என்ன குறைந்திருக்கும்?

ஒன்பது எங்கும் இல்லை. அது நல்லது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தன்னாமுனையில் கராஜ் வைத்திருக்கும் உதயரூபனோடு போனில் பேசினேன். அஸாம் அங்கேதான் வண்டியை விடுவார்.

"எஞ்சின் நான்தான் அக்கா ஏத்தின. கியர்பொக்ஸும். வலது கதவு கதிரவெளியில உடைச்ச ஒரு வண்டியிட. பின்தட்டி ஓட்டமாவடியில வாங்கின."

"இடது கதவு?"

"அதையும் டிரைவர் இருக்கிற கூட்டையும் அடிச்சட்டத்தையும் நான் தொட்டதே இல்ல. அது ஆதியில வந்தது."

ஆதியில். வேறு சொல் கிடைக்கவில்லையா அந்த மனிசனுக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. வளவு முழுக்கப் புழுதி.

கூடும் அடிச்சட்டமும் போனால் மிச்சம் என்ன? ஒரு எஞ்சின், ஒரு கதவு, ஒரு பின்தட்டி. அதை வைத்து என்னத்த ஓட்டுற? ஊர்வலம் விடுறதா? — என்ட மனிசன் ஒரு நாள் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் புத்தகத்தைப் பேர் மாத்தியிருக்கலாம். ஒரே ஒரு நாள். கேட்டா "அண்ணன் என்ன நினைப்பாரு" எண்டுவார். இப்ப அண்ணன் என்ன நினைக்கிறார் எண்டு வந்து பாருங்களன்!

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கோடு கிழித்து அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பழைய பிக்கப்புகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் பேஸ்புக்கில் இருக்கிறது. எந்த நாட்டிலோ இருந்துகொண்டு என் வீட்டு வண்டியின் திருகாணிக்குச் சண்டை பிடிக்கிறார்கள். இர்ஷானா படங்களையும் அடிச்சட்ட இலக்கத்தையும் போட்டாள். பம்பரைப் பார்த்து ஒருவர் அழுகிற முகம் போட்டிருக்கிறார். சீற் இரண்டாயிரத்துக்குப் பிந்தியதாம். அது எனக்கே தெரியும். அதில் இருக்கிற பள்ளம் அஸாமுடையது. அதைப் படம் எடுத்திருக்கவே வேண்டாம்.

ஆனால் கூடு, அடிச்சட்டம், இடப்பக்கக் கதவு மூன்றுக்கும் எல்லாரும் ஒரே பதில்: எழுபத்து நான்கு.

எழுபத்தொன்பதில் புத்தம் புதிதாக எடுத்த வண்டியில் எழுபத்து நான்கு எப்படி வந்தது?

செப்டம்பர் 7, ஞாயிறு

இடப்பக்கக் கதவின் அடியில் நீலப் பெயின்ற் கொப்பளித்திருந்தது. கிடாரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சால் தேய்த்தேன். நீலத்துக்குக் கீழே மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே வெள்ளை, அதன்மேல் சிவப்பில் சிங்கள எழுத்து. இர்ஷானா கூட்டி வாசித்தாள்.

"பேக்கரி, உம்மா. முன்னால உள்ள பேர் போயிட்டு."

என் வெள்ளை உடுப்பெல்லாம் நீலத் தூள். குந்தியிருந்து சிரித்தேன். கொழும்புப் பக்கம் யாரோ பாண் ஏற்றி ஓடித் தேய்த்த வண்டியை மாமா வாங்கிவந்திருக்கிறார். ஏறாவூருக்குள் வரும்போது அது புது வண்டி.

மச்சானின் வாக்குப்படி பார்த்தால் எழுபத்தொன்பதாம் ஆண்டுச் சாமான் ஒன்றுமே இல்லை. கூடு அவருக்கு வேண்டுமென்றால், வாப்பா வாங்கியது பழைய வண்டி என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார். சீற்றுக்குப் போட்ட பொலித்தீனைக்கூட வாப்பா கழற்றாமல் ஓட்டிவந்தார் என்று எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார்!

எனக்குச் சந்தோஷம்தான். ஏன் மறைக்க வேண்டும்? ஒரு பொய்யும் சொல்லாமல் வண்டி எனக்கு.

கதவை அப்படியே விட்டால் கேற்றால் எட்டிப் பார்க்கிறவனெல்லாம் வாசிப்பான். ஒரு சாக்கை எடுத்துக் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சாக்கை ஏன் கட்டினேன்?

அக்டோபர் 10, வெள்ளி

இத்தா முடிந்தது. கடலை வறுப்பவனின் வண்டிவரை நடந்துபோய்த் திரும்பினேன். ஒன்றும் வாங்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மர்சூக் மச்சான் வந்தார். திருகாணி கழற்றுகிற சாவிப் பை, கூடவே கத்தத்தன்று இருந்தவர்களில் நாலைந்து பேர். இர்ஷானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"மத்தாக்கள் வெளியில நிக்கட்டும். மச்சான் முதல்ல பாருங்க."

சாக்கை இர்ஷானா அவிழ்த்தாள். அவர் குனிந்து பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அந்தச் சிவப்பு எழுத்தில் விரலை வைத்தார்.

"இது நான் சுரண்டினது," என்றார். "எனக்குப் பதினொரு வயசு. வாப்பா சேண்ட் பேப்பர் தந்தார். பின்னேரம் வரைக்கும் சுரண்டினன், இந்த எழுத்து மட்டும் போகல்ல. பெயின்ற் அடிச்சா மறைஞ்சிரும், நீ ஒருத்தருக்கும் சொல்லாத எண்டார்."

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நாற்பத்தாறு வருஷமாக. நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இவருக்கு?" என்று கேட்டேன்.

"தம்பி அப்ப கைப்புள்ள. அவன் கடைசி வரைக்கும் புதுசு எண்டுதான் நினைச்சிருப்பான்."

ஓம், அப்படித்தான் நினைத்திருந்தார். இடப்பக்கக் கதவை மாற்றச் சொல்லி நான் எத்தனை தரம் சொல்லியும், "வாப்பா புதுசா எடுத்த வண்டியில மிஞ்சின ஒரே கதவு" என்று விடமாட்டார். அதை மச்சானிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்தார். நானும்தான். இத்தனை மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக அழுதது அப்போதுதான்.

பிறகு கேற்றடிக்குப் போனார். குரல் பழையபடி.

"நல்லாப் பாத்தன். எழுபத்தொம்பதாம் ஆண்டுச் சாமான் ஒரு திருகாணியும் இல்ல. தம்பி எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கான். வாங்க போவம்."

சாவிப் பையை எடுக்கத் திரும்பி வந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "கதவுக்குப் பெயின்ற் அடிங்க புள்ள. ரெண்டு தரம் அடிங்க."

அக்டோபர் 19, ஞாயிறு

இத்தாவுக்குப் பிறகு முதல் கல்யாண ஓட்டம். டிரைவருக்குப் பக்கத்தில், இடப்பக்கக் கதவோரம் இருந்தேன். மழைக்குள் அடித்த பெயின்ற், இன்னும் காயவில்லை. கைமுட்டியில் நீலம்.

கிடாரங்கள் இறக்கும்போது மச்சான் மாப்பிள்ளை வீட்டாரோடு பந்தலடியில் நின்றார். பொலித்தீன் கதை ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நடுவில் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"மெய்தானா புள்ள? புதுசாவா எடுத்த?"

நான் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஓம்," என்றேன். "எழுபத்தொம்பதுல."