இடப்பக்கம் திருப்பினால் அடிக்கும் ஹாரன்

புக்கிட் பெலிம்பிங்,
கோல சிலாங்கூர்.
4.3.1986

அன்புத் தம்பி பாலுவுக்கு,

நானும் உன் அத்தானும் நலம். கார் நலமில்லை.

ரமணிக்கு வாந்தி நின்றதா? மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். நேரில் கொண்டுவரலாம் என்றால், இந்தக் காரை நம்பி ரவாங் வரை எப்படி வருவது?

தீபாவளிக்கு எடுத்த கார், நான்கு மாதம்தான் ஆகிறது. "எங்க கார் கம்பெனியில வேலை செய்றவங்களுக்கு விலை குறைவுக்கா, என் பேர்ல எடுத்துத் தர்றேன்" என்று நீ சொன்னபோது எவ்வளவு பெருமைப்பட்டேன்! இப்போது கேள். கண்ணாடியை இறக்கினால் ஏறாது, கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. மழை பெய்தால் காலடியில் குளம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. போன திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் திரும்புகிறேன், உள்ளே பிள்ளைகள் தேசிய கீதம் பாடுகிறார்கள். தலைமையாசிரியர் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அதெல்லாம் கூடப் போகட்டும். பிரேக்தான் என்னைப் பயமுறுத்துகிறது. சில நாள் மிதித்ததும் நிற்கிறது, சில நாள் பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது. டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்லையாவிடம் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டீச்சர், நீங்க கால பிரேக் மேலயே வச்சிக்கிட்டு ஓட்டுறீங்க லா. பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான்" என்கிறார். பக்கத்தில் நின்ற உன் அத்தானும் சிரிக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடிக் கைப்பிடியைக் கழற்றி எறிந்திருப்பேன். அது ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது.

காரைச் செய்தவர்களிடம் கேட்டு ஒரு வழி சொல்லு. உன் ஆபீசுக்கு மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் நீ டீ குடிக்கப் போயிருந்தாய்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அக்கா
புஷ்பவள்ளி


ரவாங்.
18.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனபாலன் வணக்கத்துடன் எழுதுவது. ரமணி இப்போது சோறு சாப்பிடுகிறாள். ஊறுகாயை நினைத்து ஏங்குகிறாள்.

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் புதுக் கார் என்றால் முதல் ஆறு மாதம் அப்படி இப்படி இருக்கும். ஹாரன் ஒரு சின்ன ஒயர் கோளாறு. கண்ணாடிக்கு வேறு கைப்பிடி வாங்கி வைக்கிறேன். பிரேக் விஷயத்தில் செல்லையா சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். நீங்கள் எதையும் அழுத்திச் செய்கிறவர்கள், உங்களிடம் படித்த எனக்குத் தெரியாதா!

பள்ளி விடுமுறையில் காரைக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். இந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை. தலைமையகம் ஒரு வேலை கொடுத்து, மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லியிருந்தது. எங்கள் கிளைதான் முதலில் முடித்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்பை என்றும் வேண்டும்,
தம்பி தனபாலன்


புக்கிட் பெலிம்பிங்.
27.4.1986

அன்புத் தம்பிக்கு,

அத்தான் போனில் சொல்லியிருப்பார். என் கையால் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாலத்து இறக்கத்தில் எனக்கு முன்னால் சலாவுதீன் பாய் மோட்டார் சைக்கிளில் போனார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் ஒடித்தேன், அந்தப் பாழாய்ப்போன ஹாரன் அடித்தது. அதைக் கேட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்துக் குதித்தார். அதனால் உயிர் தப்பியது. ஆனால் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கார் மரத்தில் மோதி நின்றது.

பிரேக் வேலை செய்யவில்லை என்று எல்லாரிடமும் கத்தினேன். யாரும் நம்பவில்லை. பிரேக் குழாய் அறுந்து கிடந்ததைச் செல்லையா காட்டினார். "மரத்துல மோதினதால அறுந்திருக்கு டீச்சர். பதட்டத்துல நீங்க பிரேக்குக்குப் பதிலா எண்ணெய் பெடல மிதிச்சிருப்பீங்க" என்றார். எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீயும் என் காலைத்தானே குறை சொல்லியிருந்தாய். என் தவறு என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் மனைவி மெகராஜ் பேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். நாற்பத்தொரு வயதில் நான் யாரிடமும் அப்படித் தலை குனிந்ததில்லை, பாலு.

இனி ஓட்டமாட்டேன். பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா


ரவாங்.
6.5.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அழாதீர்கள். யாருக்கும் வரக்கூடியதுதான்.

பாய்க்கு ஆப்பிளும் சத்து மாவும் அனுப்பியிருக்கிறேன். என் பெயரைச் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அக்கா. அந்தக் காரைச் செல்லையா தொட வேண்டாம். நான் லோரி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். வந்த விலைக்கு விற்றுவிடலாம். அது கண்முன்னால் இருந்தால் உங்களுக்கும் வேதனைதானே?

தம்பி


புக்கிட் பெலிம்பிங்.
21.6.1986

தனபாலனுக்கு,

அன்பு என்று எழுதப் பேனா வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்குச் சலாவுதீன் பாய் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மெகராஜ் பேகம் இந்த முறை கையை இழுக்கவில்லை, தட்டில் பலகாரம் வைத்தார். அங்கே பாயின் தங்கை மகன் மூசா இருந்தான். கிள்ளானில் வேலை. அவனிடமும் இதே கார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "டீச்சர், உங்க கார ரீகால் பண்ணலையா?" என்றான். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். பிரேக் குழாய் ஒரு இரும்புத் துண்டில் உரசித் தேய்கிறதாம். மார்ச் மாதம் கம்பெனியே எல்லாக் கார்களையும் கூப்பிட்டுக் காசு வாங்காமல் குழாய் மாற்றிக் கொடுத்ததாம்.

மறுநாளே அவனைச் செல்லையாவிடம் கூட்டிப் போனேன். நல்லவேளை, உன் லோரி அதுவரை வரவில்லை. மூசா குழாயைக் கையில் எடுத்துக் காட்டினான். மோதி அறுந்திருந்தால் பிய்ந்திருக்க வேண்டும். இது கத்தியால் சீவியது போலப் பளபளவென்று தேய்ந்திருந்தது. செல்லையா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். உன் அத்தானும்தான்.

பிறகு கிள்ளான் கிளையில் போய்க் கேட்டோம். என் கார் நம்பரைப் பார்த்துவிட்டு, "இது ரவாங்கில் மாற்றியாகிவிட்டதே" என்றாள் அங்கிருந்த பெண். தாளை நீட்டினாள். மார்ச் பதினைந்து, வேலை முடிந்தது, உரிமையாளர் கையெழுத்து.

மார்ச் பதினைந்து எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி. அந்தக் காரில்தான் கோப்பைகளையும் மருந்துப் பெட்டியையும் தஞ்சோங் காராங் திடலுக்குக் கொண்டுபோனேன். பொழுது சாயும்வரை அது மரத்தடியில் நின்றது.

கையெழுத்து யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உன் கையைப் பிடித்து அந்தப் பெயரை எழுதப் பழக்கியவள் நான்.

பதினெட்டாம் தேதி எனக்குக் கடிதம் எழுதினாயே! கையெழுத்துப் போட்டு மூன்று நாள் கழித்து! பிரேக் போகும் என்று தெரிந்தே, அழுத்தி ஓட்டுகிறேன் என்று என்னையே குறை சொன்னாயே! ஒரு வரி, "அக்கா, காரை எடுக்காதீர்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? என் காலே என்னைக் குற்றவாளியாக்கியது என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேனே, அதைப் பார்த்துக்கொண்டு ஆப்பிள் அனுப்பினாயே!

கம்பெனி யாரோ எவரோ. நீ என் தம்பி.

ஒன்றுதான் கேட்கிறேன். வந்து சலாவுதீன் பாய் முன்னால் நின்று, தவறு டீச்சருடையது இல்லை என்று உன் வாயால் சொல்.

புஷ்பவள்ளி


ரவாங்.
28.6.1986

அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குழாய்கள் குறைவாக வந்தன. வாடிக்கையாளர் கார்களுக்கு முதலில் போட்டோம். எங்கள் ஊழியர்கள் கார் பதினான்கு மீதி. "சும்மா சைன் பண்ணுங்க, அடுத்த மாசம் குழாய் வந்ததும் மாத்திக்கலாம்" என்றார் மேனேஜர். எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். விடுமுறையில் நீங்கள் வரும்போது மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். குழாய் இன்னும் வரவில்லை.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும், அக்கா. ரமணிக்கு ஆகஸ்டில் பிரசவம். பாயின் கால் எப்படியும் குணமாகிவிடும். போலீசிலும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அது அப்படியே இருக்கட்டுமே. உங்களுக்கு அரசாங்க வேலை, ஒன்றும் ஆகாது.

காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


புக்கிட் பெலிம்பிங்.
3.7.1986

தனபாலனுக்கு,

உன் கடிதத்தைச் சலாவுதீன் பாய்க்குப் படித்துக் காட்டினேன். வசை ஒன்றும் சொல்லவில்லை. "மீதிப் பதிமூணு கார் இன்னும் ரோட்ல ஓடுதா, டீச்சர்?" என்றுதான் கேட்டார். உன் கடிதத்தில் அந்தக் கேள்வி எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன்.

ரமணியை எந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறாய்? உன்னுடைய காரும் அந்தப் பதினான்கில் ஒன்றுதானே?

செல்லையா மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு குழாய் போட்டுக் கொடுத்தார். நேற்று சாயங்காலம் ஓட்டினேன். பாலத்து இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தேன். மிதித்தேன், நின்றது. அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு சொல்லியாகிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை வழியாக நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். பக்கத்து இருக்கையில் சலாவுதீன் பாய் கைத்தடியோடு வருவார். பின்னால் மூசா, மடியில் அறுந்த குழாய். ஊறுகாய் ரமணிக்கு, உனக்கு இல்லை. பதிமூன்று கார்களின் நம்பரையும் எழுதிக் கையில் வைத்துக்கொள். மேனேஜரிடம் நீ பேசினால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். நீ பேசாவிட்டால் நான் பேசுவேன், அப்போது நீ எனக்கு யாரோ.

எல்லாம் சரிசெய்த பிறகு, ஹாரனையும் பார்க்கவா என்று கேட்டார் செல்லையா. வேண்டாம் என்றேன். உன் ஆபீஸ் வாசலுக்கு இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும்.

சத்தம் கேட்டதும் வெளியே வா.

புஷ்பவள்ளி