கீஷான் தலையில் கட்டிய தோல்வி

லொரீன்,

சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் எங்கள் கல்லூரி தோற்றதற்கு, நான் பயிற்சி தரும் பின்வரிசைத் தடுப்புப் பையன் கீஷான்தான் காரணம் என்று தலைமைப் பயிற்சியாளன் கோல்சன் நிருபர்களிடம் பொய் சொல்லிவிட்டான். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

கடைசி நிமிடத்தில் கீஷான் தான் காவல் காக்கும் எதிரணி ஆளை விட்டு நகரக் கூடாது என்பது என் ஏற்பாடு. கோல்சன் என்னைக் கேட்காமல் கையசைத்து அவனை நடுவே வரச் சொன்னான். காவலின்றி நின்ற அந்த எதிரணிக்காரன் பந்தைப் பிடித்து, எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி வெற்றிப் புள்ளிகளை எடுத்துவிட்டான்.

நேற்று கோல்சன் என்னைக் கூப்பிட்டான். "பெரியவரே, பையன் தப்புன்னு நீங்களும் சொல்லிடுங்க. சின்ன வயசு, தாங்கிப்பான்."

"உனக்கும் சின்ன வயசுதானே, நீ தாங்கேன்" என்றேன்.

"அப்ப இனிமே மைதானத்துல நிக்காதீங்க. மேல மாடியில, கண்ணாடி ரூம்ல உக்காந்து ஆட்டத்தைப் பாருங்க."

"நல்லது தம்பி. நீ கை ஆட்டுறது அங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியும்."

சிரிக்காதே. ஆளைத் தவறவிட்ட பையனின் தோளைப் பிடித்து, அடுத்த பந்துக்குள் அவனை நிமிர்த்துவதுதான் எத்தனையோ கல்லூரிகளில் நான் பார்த்த வேலை. அதை மாடியிலிருந்து செய்ய முடியாது. கீஷான் சாப்பாட்டுக் கூடத்துக்கே வருவதில்லை.

கோல்சன் அதே நிருபர்கள் முன் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை நான் மாடி ஏறமாட்டேன். வேலையை விட்டு நீக்கினால் நீக்கட்டும். அவனை அணியில் சேர்க்க வீடு தேடிப் போன அன்று, கீஷானின் அம்மா வனெட்டா பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு, மகனைப் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். நீ இன்றே அவளுக்குப் போன் செய்து இதை அப்படியே படித்துக் காட்டு. நம் வீட்டிலிருக்கும் என் கம்பளிச் சட்டையையும் உன் வெண்டைக்காய் ஊறுகாயையும் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோளரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை. நாளைக் காலை கீஷானின் கதவைத் தட்டி, சாப்பிட இழுத்துப்போவது என் பொறுப்பு.

மைதானத்தில் பயிற்சிக்கு விசில் ஊதுகிறார்கள்.

வெர்லன்