வால் தந்த வாக்குமூலம்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. நான் நலம், பெரியம்மா நலம், அப்பா லாரியோடு எங்கேயோ நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. வேலை தேடிப் போன ஊரிலிருந்து நேற்று பெரியம்மா போனில் நீ பேசியதைத் தெருவே கேட்டது. ஸ்பீக்கரைப் போடாமல் பேசினால் பாதிப் பேச்சு வழியிலேயே சிந்திவிடும் என்று அவர்களுக்குப் பயம். என் போனோ உன் கைப்பையில் ஆயுள் கைதி. பள்ளிக்கூட மணியை அடித்ததற்கு அந்தத் தண்டனை சரிதான், அப்பீல் செய்யவில்லை. ஆகவே தனியாகப் பேச நமக்குக் கடிதமே கதி.

மூன்றாவது இன்டர்வியூவும் ஊத்திக்கொண்டதாமே? "பழைய வேலைய ஏன் விட்டீங்க?" என்று கேட்டதும் மூன்று இடத்திலும் உனக்குத் தாகம் எடுத்திருக்கிறது. தண்ணீர் குடிக்கவா அம்மா அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனாய்? நேர்முகத் தேர்வுக்குப் போய் நீர்முகத் தேர்வு எழுதிவிட்டு வருகிறாய்.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நானே ஒரு கம்பெனி தொடங்கிவிட்டேன். பெயர் 'வாலு அண்டு கோ'. தலைமை அலுவலகம் மாடிப்படிக்குக் கீழே, சைக்கிளுக்குப் பக்கத்தில். தபால் வழி இன்டர்வியூ. ஒரே ஒரு கேள்வி:

"அம்மணி, கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பதினொரு வருடம் விரிசல் பார்க்கும் வேலை செய்திருக்கிறீர்கள். நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? ஏன் விட்டீர்கள்?"

பதில் தபாலில் வர வேண்டும். தண்ணீர் தரப்பட மாட்டாது.

இப்படிக்கு,
மேலாளர்
(எனக்கு மேல் ஆள் யாரும் இல்லை)


ஜூன் 9

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் பரீட்சைக்கு யார் படிப்பது? அதை முதலில் சொல்லுங்கள் ஐயா.

விடுதி பரவாயில்லை வாலு. அறையில் மூன்று கட்டில், ஒரு ஜன்னல். பக்கத்துக் கட்டில் பெண் நர்ஸ். நான் டம்ளரைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "என்னக்கா, டம்ளருக்கு எக்ஸ்ரே எடுக்கறீங்களா?" என்றாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

வரும் பதினெட்டாம் தேதி மருந்தைப் பாட்டிலில் அடைக்கும் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் மாதக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையை விட்டேன். போதுமா?

பெரியம்மாவை எதிர்த்துப் பேசாதே. முட்டை வைத்தால் மறுக்காமல் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


ஜூன் 13

அன்புள்ள அம்மா,

பதில் நிராகரிக்கப்பட்டது. 'குடும்பச் சூழ்நிலை' என்றால் எந்த மேலாளரும் "என்ன சூழ்நிலை?" என்றுதான் அடுத்துக் கேட்பார். உடனே உனக்குத் தாகம் எடுக்கும். அந்தச் சூழ்நிலைக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, கையும் காலும் இருக்கிறது, இப்போது உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருக்கிறது. அதை ஏன் மறைக்கிறாய்? என்னைக் காப்பாற்றத்தானே? நான் காப்பாற்றும் கட்டத்தைத் தாண்டி வெகுநாள் ஆகிறது.

நீ சொல்ல வேண்டாம். இதை நீட்டு:

"வாக்குமூலம். மேற்படி அம்மாவின் ஒரே மகனாகிய நான், கடைசி மணிக்கு அரை மணி முன்பே பள்ளி மணியை அடித்து மொத்தப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பினேன். வாட்ச்மேன் உட்பட. தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வேலைக்குப் போகாமல் வந்தார்கள். அந்த வாரமே அவர்கள் வேலை போயிற்று. ஆகவே குற்றம் முழுக்க என்னுடையது. அம்மா கண்ணில் ஒரு விரிசலும் தப்பாது. தப்பிய ஒரே விரிசல் நான். இப்போதெல்லாம் மணி என்ன என்று கூட நான் யாரையும் கேட்பதில்லை. தயவுசெய்து அவர்களுக்கு வேலை கொடுக்கவும்."

கையெழுத்தைக் கவனி, கோணாமல் போட்டிருக்கிறேன். பெரியம்மாவும் சாட்சி சொல்வார்கள். சோறு போடும்போதெல்லாம் சொல்கிறார்கள், "நீ அடிச்ச மணி உங்கம்மா வேலைக்கும் கேட்டிருச்சுடா, அதுவும் எழுந்து வீட்டுக்குப் போயிருச்சு" என்று. நான் சிரித்துவிடுகிறேன். ஜோக் என்னவோ நல்ல ஜோக்தான்.

இப்படிக்கு,
குற்றவாளி வாலு


ஜூன் 18

என் கண்ணு,

உன் கடிதம் இன்று காலை, இன்டர்வியூவுக்குச் செருப்பு மாட்டும்போது கைக்கு வந்தது. பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

வாலு, நீ மணி அடித்த அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. அதற்கு முந்தின நாளே போய்விட்டது. பாட்டிலைப் பார்க்கக் கேமரா வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது, எங்கள் வரிசையில் ஒன்பது பேர் பெயர், அதில் நானும். அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. நான் வேலைக்குப் போகாமல் வந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, போவதற்கு எனக்கு இடமே இல்லையடா.

அந்த வாரக் கடைசியில் பெரியம்மாதான் கேட்டாள், "இவன் பின்னால அலைஞ்சுதானே உன் வேலை போச்சு?" என்று. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முகம் கழுவப் போய்விட்டேன். வால் பிள்ளையைப் பெற்றவள் என்றால் ஊர் பாவம் பார்க்கும். வேண்டாம் என்று கழிக்கப்பட்டவள் என்றால் எப்படிப் பார்க்குமோ என்று பயந்தேன். நீதான் எதற்கும் சிரிப்பவன் ஆயிற்றே, உனக்கு உறைக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். மூன்று இடத்திலும் அதே பொய்யைத்தான் சொல்லப் போனேன். உன் முகம் குறுக்கே வந்து நிற்கும், கை டம்ளரைத் தேடும். தாகம் அதுதான்.

இன்றும் கேட்டார்கள். ஒரு அம்மா, பக்கத்தில் ஒரு பெரியவர். கை டம்ளரிடம் போயிற்று. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், பழக்கதோஷம். குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "கேமரா வந்துச்சு, ஆளக் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தி. வேலையில குறை சொல்லி அனுப்பல. என் பையன் காரணமில்ல."

அந்த அம்மா நிமிர்ந்து, "பையனா? பையனப் பத்தி நாங்க எதுவுமே கேக்கலையேம்மா?" என்றார்.

"நீங்க கேக்கல. நான்தான் சொல்லணும்" என்றேன்.

பெரியவர், "இங்கயும் ஒரு நாள் கேமரா வரலாம்" என்றார். "வரட்டும் சார். அடுத்த இடத்துல கேட்டா கேமரான்னே சொல்வேன்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதானடா. இதற்கா இத்தனை நாள்?

முடிவு இனிமேல்தான் தெரியும். உன் வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கழிக்கும் பாட்டிலில் போடுவதைப் போல அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்குப் போன் செய்வேன். நீ பக்கத்தில் இரு. அம்மாவை மன்னிச்சுக்கோ.

அம்மா


ஜூன் 22

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. என் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. இத்தனை மாதம் சோற்றோடு சேர்த்து அந்த ஜோக்கையும் விழுங்கினேனே. நான் செய்து மாட்டிக்கொண்ட கேஸ் எத்தனையோ உண்டு. செய்யாமலே மாட்டிக்கொண்டது இது ஒன்றுதான். அதையும் செய்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் பார், என்னைவிடப் பெரிய முட்டாள் உண்டா? பிறகு, அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நீ எப்படித் தனியாக வீடு வந்திருப்பாய் என்று நினைத்தேன். கோபம் பாதியாயிற்று. மீதியை நீ வந்ததும் நேரில் வசூலிப்பேன்.

நேற்று போனில் நீ பேசியது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்தது தெரியாதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பெரியம்மா வழக்கம்போல் ஸ்பீக்கரைப் போட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. "மூணு மாசம் தற்காலிகம்க்கா, திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க" என்று நீ சொன்னதும், வாசலில் துணி தேய்க்கிறவர் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "அப்பாடா!" என்றார். அவருக்கு என்ன வந்ததோ! அடுத்து நீ, "அக்கா, அப்ப வேலை போனது இவனால இல்ல. வேலையில இருந்து என்னை எடுத்துட்டாங்க. கேமரா வந்துச்சு, எடுத்துட்டாங்க. நான்தான் சொல்லாம விட்டேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாய்.

பெரியம்மா முகம் எப்படியோ ஆகிவிட்டது. ஜன்னலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஊர் கேட்கிறதே என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஸ்பீக்கரை அணைக்கக் கையைக் கொண்டுபோனார்கள்.

"இருக்கட்டும் பெரியம்மா" என்றேன். "அம்மா இன்னொரு தடவ சொல்லட்டும்."

நீயும் சொன்னாய்.

இப்படிக்கு,
உன் நிரபராதி வாலு
(மணி விஷயம் நீங்கலாக)