மல்லாட்டை என்று எழுதியிருக்க வேண்டும்

என் கண்ணே ஸ்தெல்லா,

உன் மகள் உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி நான் எழுதப்போவதைக் கேட்டு நீ பதறிப்போவாய். இப்போது கூடத்தில் பாய்மேல் மல்லாந்து படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, தனக்குத் தானே ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வரி எழுதுவதற்குள் ஒருமுறை நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வீங்கவில்லை.

ரோசிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நீ அவளைக் கையில் வைத்திருந்தது பதினோரு நாள்தான். மூக்கு உன்னுடையது. பிடிவாதம் என்னுடையது என்று சாந்தோம் முழுக்கச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது, அம்மா. ஆகாது என்றால் வயிறு உப்பும், உடம்புக்குச் சூடு என்கிறார்களே, அந்த மாதிரி ஆகாது இல்லை. ஒரு பருப்பு உள்ளே போனால் போதும். முதலில் உதட்டோரம் தடிக்கும். கன்னமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவக்கும். பிறகு இருமல். அதன் பிறகு மூச்சு.

முதல் தடவை கடற்கரையில். கடலை விற்பவன் பிரியமாக அவள் உள்ளங்கையில் இரண்டு வைத்தான். சற்று நேரத்தில், "தாத்தா, தொண்டைக்குள்ள எறும்பு ஓடுது" என்றாள். நான் அவள் வாயைத் திறந்து எறும்பைத் தேடினேன். அப்படிப்பட்ட முட்டாள் உன் அப்பா. இரண்டாம் தடவை ஒரு கல்யாண வீட்டுச் சட்னி. மூன்றாம் தடவை, நல்லெண்ணெய் என்று சொல்லிக் கடலை எண்ணெயைக் கலந்து கொடுத்துவிட்டான் ஒருவன். அவள் தின்றதையெல்லாம் அச்சுக்கூடத்துப் பழைய புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் நான் குறித்துவந்தேன். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்றிலும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

தாள்களை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் டாக்டரிடம் போனேன். அவர் அவற்றைத் தொடக்கூட இல்லை.

"பூச்சித் தொந்தரவு, பெரியவரே. பேதிக்குக் கொடுங்க. கடலை தின்னா குழந்தை சாகுமா? ஊர்ல பாதிப் பேர் அதைத் தின்னுதான் உயிரோட இருக்கான்."

"இவளுக்கு ஆகலைங்களே."

"நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

"நான் நாலாங் கிளாஸ். ஆனா காலேஜ்ல படிக்கிற புஸ்தகத்துக்கு அச்செழுத்துக் கோத்திருக்கேன்."

அவர் சிரித்தார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நான் பேதி மருந்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ சின்னவளாக இருந்தபோது கடலை மிட்டாயைக் கடித்துவிட்டுத் துப்புவாய். "நாக்கு அரிக்குதுப்பா" என்பாய். உனக்கு நாக்கு நீளம் என்று திட்டி, முழுவதையும் தின்னவைத்தேன். உனக்கும் அதுதானா? அன்றே நீ சொன்னதைத்தான் நான் கேட்கவில்லையா?

இனி லூர்து விஷயத்துக்கு வருகிறேன். உன் நாத்தனார்தான். கணவன் போன பிறகு திண்டிவனத்தில் தனியாக இருக்கிறாள், பிள்ளையும் இல்லை. பட்டாளத்தில் இருக்கும் உன் வீட்டுக்காரர் எந்த ஊரிலிருந்து எழுதுகிறார் என்பதையே எழுதக் கூடாதாம். ஆனால் எனக்கு வயதாகிவிட்டது என்பதை எழுதலாம் போலிருக்கிறது. "யுத்தம் முடியும்வரை ரோசி அக்காவிடம் இருக்கட்டும்" என்று எழுதிவிட்டார். லூர்துவும் குழந்தையைக் கூட்டிப்போக வருவதாகக் கடிதம் போட்டாள்.

உடனே ஒரு கார்டு போட்டேன். 'குழந்தைக்குக் கடலை ஆகவே ஆகாது. ஒன்றுகூட. உயிருக்கு ஆபத்து.' இவ்வளவுதான். நாற்பது வருஷம் எழுத்துக் கோர்த்தவன் நான். ஒரு சொல் மிகாமல் எழுதிவிட்டேன் என்று பெருமைவேறு பட்டுக்கொண்டேன்.

வந்தாள். டப்பா நிறைய உருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கொல்லையில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியும். வாளியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். குழந்தையின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. உதடு நீலம். கையில் பாதி கடித்த உருண்டை. வெல்லப்பாகில் முழு முழுப் பருப்பாக வேர்க்கடலை.

"கடலை ஒண்ணுகூடப் போடலையே மாமா! நீங்க எழுதினதைப் பார்த்துட்டுத்தானே செஞ்சேன்!" என்று லூர்து அலறினாள். அவள் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

நல்லவேளை, நொச்சிக்குப்பத்து அஞ்சலை அப்போதுதான் வாசலில் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கூடையை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடி, முனையில் நின்ற ரிக்‌ஷாவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், மூச்சு இழுப்புக்காரர்களுக்குப் போடும் ஊசியைப் போட்டார். குழந்தையின் மார்பு மறுபடி ஏறி இறங்குவதற்குள் நான் எத்தனை அருள் நிறை மந்திரம் சொன்னேன், எத்தனையைப் பாதியில் விட்டேன் என்று எனக்குத் தெரியாது.

இதைக் குணப்படுத்த மருந்து கிடையாதாம். அது வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியமாம். அந்த ஊசியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். முடியாது என்றார்.

வெளியே வந்தேன். செருப்புக்கூட இல்லாமல் லூர்து நின்றிருந்தாள். அத்தனை பேர் முன்னால், "கொலைகாரி, என் வாசலை மிதிக்காதே" என்றேன். அவள் வெறுங்காலோடே திரும்பிப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து, நேற்றுத்தான், அஞ்சலை கேட்டாள்.

"அந்தம்மாவ இன்னாத்துக்கு நைனா அப்டித் தொரத்துன? நீ கார்டுல இன்னா எழுதுன?"

"கடலை ஆகாதுன்னு."

"கிழிஞ்சிது போ! அந்தப் பக்கம் கடலைன்னா பொட்டுக்கல்லை, நைனா. நம்ம வேர்க்கல்லைக்கு அங்க மல்லாட்டைன்னு பேரு. எங்க மாமியாக்காரி அந்த ஊர்க்காரிதான், அவ வாயில மல்லாட்டைதான் வரும். நாள் பூரா எழுத்தாப் பொறுக்கிக்கினு கீற, இது தெரியாதா ஒனக்கு?"

அப்போதுதான் புரிந்தது, ஸ்தெல்லா. லூர்து நான் எழுதியபடியே செய்திருக்கிறாள். பொட்டுக்கடலை உருண்டை ஆகாது என்று, மெனக்கெட்டு மல்லாட்டையை வறுத்து, தோல் நீக்கி, பிரியமாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ரோசிக்குப் பொட்டுக்கடலை ஒன்றும் செய்யாது. என் சிக்கனமான ஒரு சொல்தான் அவள் கழுத்தை நெரித்தது.

இப்போது எங்கள் வீட்டுக்கென்று தனி எண்ணெய். செக்கில் எள்ளு ஆடும்போது நானே நின்று பார்த்து வாங்குகிறேன். பண்டம் தின்ற கையோடு யார் வந்தாலும் கை கழுவாமல் குழந்தையைத் தொட விடுவதில்லை. கிழவனுக்குப் பித்து என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று வாசலிலேயே நின்று காவல் காத்தேன். "ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆயிடாது பெரியவரே, கர்த்தர் பார்த்துப்பார்" என்கிறார் உபதேசியார். அந்த ஒரு துண்டைத்தானே நான் பார்த்திருக்கிறேன்!

எனக்கு அறுபத்தாறு. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இன்னும் எத்தனை வருஷம் இவள் வாய்க்கும் உலகத்துக்கும் நடுவில் நான் நிற்க முடியும்? எனக்குப் பிறகு யார்? யாரிடம் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மறக்க முடியாதவர்கள் அந்த இருமலைக் கேட்டவர்கள் மட்டும்தான். அஞ்சலைக்குக் கூடை இருக்கிறது, நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். மிச்சம் ஒருத்திதான். அவளைத்தான் நான் துரத்தினேன்.

நாளை கல்லறைத் திருநாள். விடிவதற்குள் வந்து உன் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். நான் வரப்போவதில்லை. எழும்பூரில் முதல் வண்டியைப் பிடித்துத் திண்டிவனம் போகிறேன். ரோசி ஒருநாள் அஞ்சலையோடு இருப்பாள். "எங்கூட்ல மீனத் தவிர இன்னா கீது? கொட்டை வோணும்னு தேடுனாகூடக் கெடைக்காது, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டாள்.

குழந்தையை அங்கே அனுப்ப மாட்டேன். இது அறுவடைக் காலம், தெருவெல்லாம் மல்லாட்டை காய்ந்துகொண்டிருக்கும். உன் வீட்டுக்காரர் என்ன எழுதினாலும் அதில் மாற்றமில்லை. லூர்துதான் இங்கே வர வேண்டும். ஆனால் இந்த முறை உத்தரவு போடப் போகவில்லை. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவன் இல்லை, உனக்கே தெரியும், உன்னிடம்கூடக் கேட்டதில்லை. அவளிடம் கேட்பேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவளை அழைத்துக்கொண்டு வராமல் உன் கல்லறைப் பக்கம் தலைகாட்ட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

பிழையைத் திருத்தப் புறப்படும்,
உன் அப்பா