மிளகுச் சாக்குக் கணக்கு

மட்டாஞ்சேரி,
12-7-1998

சிரஞ்சீவி அபிராமுக்கு அப்பா வெங்கிடராமன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். பம்பாய்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வருஷமாக அம்மாவுக்கு மட்டும் மலையாளத்தில் கார்டு போடுகிறாய். எனக்கு ஒரு வரி எழுதினால் கை அழுகிவிடாது. நான் தமிழில்தான் எழுதுவேன். எழுத்துக் கூட்டியாவது படி.

இங்கே மழை விடவில்லை. கீழே மிளகுக் கிடங்கு ஈரமாகி, மாடியில் நம் டுட்டோரியல் வரைக்கும் நெடி ஏறுகிறது. இந்த வருஷம் பி.காம். பிள்ளைகள் இருபத்தெட்டு பேர். தேறுகிற மண்டை நாலு இருந்தால் அதிகம்.

சொல்ல வந்தது வேறு. பள்ளுருத்தியிலிருந்து அம்பிளி என்று ஒரு பெண் படிக்க வருகிறாள். கார்ப்பரேஷன் தொழிலாளி ராஜப்பனின் மகள். போன வாரம் அந்தக் கணக்கைக் கொடுத்தேன். ஐந்து மிளகுச் சாக்குகள்: 48, 49, 50, 51, 57 கிலோ. சராசரியும் திட்ட விலக்கமும் காண வேண்டும். எல்லோரும் என் அச்சுத்தாளில் இருந்தபடி 3.32 என்று எழுத, அவள் மட்டும் 3.16 என்றாள். வழக்கப்படி விடைத்தாளை அவள் முதுகில் குண்டூசியால் குத்தி, தெரு பார்க்க மாடிப்படியில் நிறுத்தினேன். கிடங்கில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் ராஜப்பன் வந்தான். மகளின் நோட்டை என் மேஜையில் விரித்து, தப்பு எங்கேன்னு காட்டுங்க சாரே, காட்டினா நானே இவளை அடிக்கிறேன் என்றான். வீட்டுக்கு வந்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

நிஜமான சராசரி 51. சுலபமாக இருக்கட்டும் என்று நான் 50-ஐ உத்தேசச் சராசரியாக எடுத்திருக்கிறேன். வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 55, ஐந்தால் வகுத்தால் 11. உத்தேசத்துக்கும் நிஜத்துக்கும் ஒரு கிலோ வித்தியாசம், அதன் வர்க்கத்தைக் கழித்தால் பத்து. அந்தக் கடைசிப் படியை நான் போடவே இல்லை. பத்தின் வர்க்கமூலம் 3.16. ஒன்பது வருஷமாக இந்தத் தப்பை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் வகுப்பில் நீயும் 3.16 என்றுதான் எழுதினாய். அதே மாடிப்படியில் நின்றுகொண்டு, அப்பா, கடைசிப் படி விட்டுப்போச்சு என்று மூன்று தரம் சொன்னாய். இங்கே அப்பா கிடையாது, சார்தான் என்றேன். 3.32 என்று நூறு தரம் எழுதாமல் வீட்டு வாசலை மிதிக்காதே என்றேன். நீ எழுதவில்லை, மிதிக்கவும் இல்லை.

ஆனாலும் நான் சொல்வேன்: சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினவன் கோழை. ராஜப்பன் மாதிரி நோட்டை விரித்துச் சண்டை போட்டிருக்க வேண்டும். இதை உன் அம்மா லோகாம்பாளிடம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அப்பா வந்தான், அவனுக்கு யார் வருவா என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாதத்தைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நீ வந்து நின்றால்தான் பேசுவாளாம்.

அம்பிளி வருவதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளிலிருந்து அந்தக் கணக்கையே எடுத்துவிட்டேன். இருபத்தேழு பேர் முன்னால் தலைகுனிய இந்த வயதில் என்னால் ஆகாது.

வா என்று உன்னைக் கெஞ்ச மாட்டேன். வருவதானால் எர்ணாகுளத்தில் இறங்காதே, என்னிடம் படிக்கிறவர்கள் யாராவது பார்ப்பார்கள். ஆலுவாவில் இறங்கு. எந்த வண்டி என்று அம்மாவுக்கு எழுதினாலும் போதும், நான் வந்து நிற்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
அப்பா